ஒரு ராத்திரிக்கு வந்த முகம்



இதைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு நிமிஷம் எழுந்து போய் உங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். சாமி படங்கள் இருக்கும். கல்யாணப் படம் இருக்கும். பட்டமளிப்பு அங்கியில் மகனோ மகளோ நிற்கும் படம் இருக்கும். உங்கள் பாட்டியின் படம் இருக்கிறதா? விடியுமுன் எழுந்து, பால் வாளி தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் நடந்தாரே, அந்தப் பாட்டியின் படம்? இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். கோலா குபு பாருவைச் சுற்றி, கெர்லிங், களும்பாங், ராசா பக்கத்துத் தோட்டங்களில் நான் போய் வந்த வீடுகளில் பாதிக்கு மேல் அப்படி ஒரு படம் கிடையாது. இருந்ததெல்லாம் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒரே ஒரு முகம். அது அடையாள அட்டையில் இருந்தது.

நான் தோட்டப் பள்ளி ஆசிரியை. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழைத் தவிர வேறு பட்டம் இல்லை. பயிற்சிக் காலத்தில் ஓவியம் ஒரு சின்னப் பாடம். போஸ்டர் கலரைக் குழைத்து நாலு பூவும் ஒரு ஜாடியும் போட்டதோடு சரி. ஆனாலும் சின்ன வயதிலிருந்தே என் கை சும்மா இருக்காது. மார்கழி மாதத்தில் லயத்து வாசலில் கோலம் போடுவதில் ஆரம்பித்த நோய் அது. எங்கள் வாசல் முடிந்தால் பக்கத்து வாசல், அது முடிந்தால் அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருப்பேன். "பள்ளிக்கூட மணி அடிச்சாச்சு, இவ இன்னும் புள்ளி வச்சிக்கிட்டு நிக்கிறா" என்று அம்மா கத்துவார்.

கோலத்தில் ஒரு வசதி உண்டு. கோணலாக வந்தாலும் மத்தியானத்துக்குள் கோழியும் பிள்ளைகளும் மிதித்து அழித்துவிடும். ஆசிரியையான பிறகு கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் கைக்கு வந்தன. அறிவியல் பாடத்துக்குத் தவளையும், சரித்திரப் பாடத்துக்கு மலாக்கா கோட்டையும் வரைவேன். வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு அதையும் துடைத்துவிடுவோம். ஆக, என் சித்திரமெல்லாம் பல காலம் அழிந்து போகிற சித்திரமாகவே இருந்தது. அதில் எனக்குக் குறையில்லை. அழிந்து போனதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாதல்லவா?

2004ஆம் ஆண்டு என்று ஞாபகம். கீழ் லயத்துப் பாட்டி ஒருவர் காலமானார். நாற்பது வருஷத்துக்கு மேல் மரம் வெட்டியவர். அடக்கம் முடிந்த அன்று இரவு எட்டு மணி இருக்கும். அவருடைய இளைய மகன் என் வீட்டுப் படியில் வந்து நின்றார். லாரி ஓட்டுகிறவர். தலை முழுகிய ஈரம்கூடக் காயவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை.

"டீச்சர், அம்மா படம்னு எங்ககிட்ட இது ஒன்னுதான் இருக்கு. நாளைக்குக் காலையில சாவப் பதியப் போறேன். அப்ப இத அங்க குடுத்துடணுமாம். திரும்பக் கெடைக்காதாம். எனக்கு ஒரு நாளுதான் லீவு. இன்னைக்கு ராத்திரி மட்டும் ஒங்ககிட்ட இருக்கட்டும். பாத்துப் பெருசா வரைஞ்சு குடுக்கிறீங்களா? பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்கணும்."

பட்டணத்தில் போட்டோகாப்பி எடுத்துப் பார்த்தாராம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திட்டுதான் விழுந்ததாம். படம் பிடிக்கிற கைப்பேசி அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் யாரிடமும் இல்லை.

இந்த அட்டையின் கதையை இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. அதே ஆண்டில் வெள்ளைக்கார அரசாங்கம் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் பதிவு செய்து, படமும் விரல் ரேகையும் வைத்த அட்டை கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் வட்டாரம் அந்நாளில் நெருப்பாக இருந்த இடம். 1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டது இங்கிருந்து பிரேசர் மலைக்கு ஏறுகிற சாலையில்தான். சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் கூட்டி, முள்வேலி போட்டு வைத்திருந்த காலம் அது. நம் பாட்டிமார் பலருக்கு அந்த அட்டைக்காகப் பிடித்ததுதான் வாழ்க்கையின் முதல் படம். யாரும் சிரித்துக்கொண்டு பிடித்த படமல்ல. பிற்காலத்தில் அட்டைகள் மாறி மாறி வந்தபோதும் அந்தப் பார்வை மட்டும் மாறவில்லை. யாரோ "நேரா பாரு!" என்று அதட்டியது முகத்தில் அப்படியே நிற்கும்.

கீழ் லயத்துப் பாட்டி இந்த மண்ணில் பிறந்தவர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பிறப்புப் பத்திரம் இல்லை. அதனால் கடைசி மட்டும் சிவப்பு அட்டைதான். நீல அட்டை வந்தால் ஒரு தரமாவது ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. பள்ளியிலிருந்து அறிவியல் பாடத்துக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வந்தேன். அட்டையில் கட்டம் போட முடியாது. அதனால் அதன்மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, கண்ணாடியில் மையால் கோடு இழுத்து, வரைதாளிலும் அதே கணக்கில் பெரிய கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பென்சிலால் வரைந்தேன். விடியற்காலை நாலு மணிக்கு முடிந்தது. புருவம், காது, தாடை எல்லாம் அச்சாக அட்டையில் உள்ளபடி. எனக்கே என்னைத் தட்டிக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது.

ஆறு மணிக்கு அவர் வந்தார். தாளை விளக்குப் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்றார். பிறகு, "ஆனா இது ஐ.சி. அம்மா. எங்க அம்மா இல்ல."

அட்டையை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். கண் எரிகிறது, கழுத்து வலிக்கிறது, ஒரு நன்றிகூட இல்லை. அன்று முழுக்க வகுப்பில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். சாயங்காலம் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் அவர் சொன்னது உறைத்தது. நான் வரைந்திருந்தது ஒரு பயத்தை. அந்த அம்மாவை எனக்குத் தெரியும். தண்ணீர்க் குழாயடியில் நூறு முறை பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் அப்படி அவர் யாரையும் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் மூன்று பேரும் இருந்தார்கள். "அம்மா எப்படி இருப்பாங்க? ஆளுக்கொன்னா சொல்லுங்க" என்றேன்.

ரவாங்கில் வேலை செய்யும் மூத்தவர் சொன்னார்: "எனக்கு அம்மான்னா நெத்தியில கட்டின வெளக்குதான். இருட்டுல அந்த வெளிச்சம் தூரமாப் போறதப் பாத்துக்கிட்டே படுத்திருப்பேன்." மகள் சொன்னார்: "அதெல்லாம் இல்ல டீச்சர். தலையில துண்டு, வாயில வெத்தல. இந்தப் பக்கம் கன்னம் எப்பவும் உப்பியிருக்கும்." பத்து வயதுப் பேரன் குறுக்கே புகுந்து, "பாட்டி சிரிச்சா கண்ணு காணாமப் போயிடும்" என்றான். எனக்கு மிகவும் உதவியது அவன் சொன்னதுதான்.

சண்டை வந்தது மூக்குத்தியில்.

"மூக்குத்தி போட்டு வரைங்க டீச்சர். அம்மா கல்யாணத்துக்குப் போட்ட கல்லு மூக்குத்தி" என்றார் மகள்.

"இல்லாதத எதுக்குப் போடணும்?" என்று மூத்தவர் வெடித்தார். "போட வேணாம் டீச்சர். இருந்தாப் போடலாம்."

வீடு அமைதியாகிவிட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. மூத்தவர் பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் படித்த காலத்தில், பஸ் காசுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்குமாக அந்த மூக்குத்தி அடகுக்கடைக்குப் போனது. வட்டி கட்ட முடியாமல் அது மூழ்கிப்போனது. அவருக்கு அது முள். தங்கைக்கோ, அம்மா மூக்கு வெறுமனே இருப்பதைக் கடைசிக் காரியத்திலாவது ஊர் பார்க்கக் கூடாது.

நான் என்ன சொல்வது? ஒன்றுமில்லாமல் ஒரு கேள்வி கேட்டேன். "அதுக்கப்புறம் மூக்குத் துளை தூந்து போச்சா?"

"எங்க தூர விட்டாங்க?" என்றார் மகள். "ஈர்க்குச்சி ஒன்ன ஒடிச்சுச் சொருகி வச்சிருப்பாங்க. பழசானா மாத்துவாங்க. எப்படியும் திருப்பிடலாம், இல்லாட்டி புதுசாவது வாங்கிடலாம்னு..." மேலே பேசவில்லை.

எனக்குப் பகீரென்றது. அட்டைப் படத்தில் மூக்கின் வலப்பக்கம் பொடிப் புள்ளி ஒன்று இருந்தது. பிளாஸ்டிக்கில் ஒட்டிய தூசு என்று நினைத்து அதை நான் வரையாமல் விட்டிருந்தேன்.

அந்தப் படத்தை இரண்டாம் தடவை பென்சிலால் வரையவில்லை. கரியால் வரைந்தேன். பென்சில் கோடு சிக்கனமானது, மினுமினுக்கும். கறுத்த முகத்தின் ஆழம் அதில் வராது. கடையில் விற்கும் ஓவியக் கரி எனக்குக் கட்டுப்படியாகாது. நானே செய்துகொண்டேன். உங்கள் வீட்டிலும் செய்யலாம். ஒரு மைலோ டின்னில், விரலைவிட மெல்லிய காய்ந்த சுள்ளிகளைத் தோல் சீவி, இடைவெளி இல்லாமல் அடுக்கி, மூடியை இறுக்கி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை போடுங்கள். அடுப்பு நெருப்பில் வையுங்கள். துளை வழியே புகை சீறிக்கொண்டு வரும். புகை அடங்கியதும் எடுத்துவிடலாம். ஆனால் டின் முழுக்க ஆறுகிற வரைக்கும் திறக்கக் கூடாது. காற்றுப் பட்டால் உள்ளே இருப்பது சாம்பல்தான். காற்றில்லாமல் வெந்தால் கரி, காற்றோடு வெந்தால் சாம்பல். ஐந்தாம் வகுப்புக்கு இதை வைத்தே ஒரு பாடம் நடத்தினேன்.

பதினாறாம் நாள் அந்தப் படத்தை நடுவீட்டில் வைத்தார்கள். தலையில் துண்டு. உப்பிய கன்னம். பாதி காணாமல் போன கண். மூக்கில் ஈர்க்குச்சி. வந்திருந்த பெண்கள் கிட்டே வந்து பார்த்து, "அடியே, குச்சியக்கூடப் போட்டிருக்குடி" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அதில் நாலைந்து பேராவது ஒரு காலத்தில் தாங்களும் குச்சி சொருகியவர்கள். மூத்தவர் ஒன்றும் பேசவில்லை. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, இலை போடுகிற வரைக்கும் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் அட்டைகள் வர ஆரம்பித்தன. நீலமும் வந்தது, சிவப்பும் வந்தது. செத்தவர்களுடையது மட்டுமல்ல; "எனக்கும் ஒன்னு போட்டு வச்சிடு தாயி" என்று உயிரோடு இருக்கும்போதே வந்து உட்கார்ந்தவர்களும் உண்டு. இதுவரை நாற்பத்தொரு முகங்கள் வரைந்திருக்கிறேன். காசு வாங்கியதில்லை. முருங்கைக்காய் வரும், கீரைக்கட்டு வரும். ஒருமுறை உயிரோடு ஒரு சேவல் வந்து எங்கள் வீட்டை மூன்று நாள் பாடாய்ப் படுத்தியது.

இதைச் சொல்லும்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். எனக்கும் வந்தது. முறையாகப் படிக்காதவள் பொழுதுபோகாமல் கிறுக்குவதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? ஒரு பள்ளி விடுமுறையில் கோலாலம்பூருக்குப் போய், 1958இல் தொடங்கப்பட்ட தேசிய ஓவியக்கூடத்தைப் பார்த்தேன். அங்கே சுல்கிப்ளி பூயோங் என்பவரின் படங்கள் என்னைப் பிடித்து நிறுத்தின. 1964இல் அவர் வரைந்த 'கெலாம்பு' என்ற படம். கெலாம்பு என்றால் கொசுவலை. பேஸ்டல் கட்டியால் வரைந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை கையில் பிடிக்கிற சாதனம்! அப்போது அவருக்கு வயதும் பதினாறுதான். 1952இல் பீட்டர் ஹாரிஸ் என்ற சித்திரக் கல்வி மேற்பார்வையாளர் கோலாலம்பூரில் 'புதன்கிழமைக் குழு' ஒன்றை ஆரம்பித்தார். வேலைக்குப் போகிறவர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் எல்லாம் வாரத்தில் ஒரு நாள் கூடி வரைவார்கள். இப்படித்தான் வரைய வேண்டும் என்று யாரையும் வளைக்கக் கூடாது என்பது ஹாரிஸின் கொள்கை. இந்த நாட்டு ஓவியத்தில் பெரிய பெயரெடுத்த சிலர், சுல்கிப்ளி உட்பட, அந்தப் புதன்கிழமைகளில் வளர்ந்தவர்கள். திரும்பி வரும் ரயிலில் மனம் லேசாக இருந்தது.

தாகூரைப் பற்றியும் படித்தேன். கவிதைக்காக உலகமே கொண்டாடிய மனிதர். கையெழுத்துப் பிரதியில் அடித்துத் திருத்திய இடங்களைக் கோடுகளால் இணைத்து இணைத்து, அவை பறவையாகவும் பூதமாகவும் ஆகிவிட, அறுபத்தேழு வயதுக்கு மேல் படம் வரைவதையே பெரும் வேலையாக எடுத்துக்கொண்டார். 1930இல் பாரிஸில் கண்காட்சி வைத்தார். படிப்பில்லாத கை என்று அவர் வெட்கப்பட்டு நிற்கவில்லை. 1927இல் அவர் மலாயாவுக்கு வந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று பயணம் செய்தவர். எங்கள் ஊர் இருப்பதும் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் நடுவில்தானே என்று ஒரு சின்னப் பெருமை எனக்கு. செம்பனைக் குலை வெட்ட வந்திருக்கும் வங்காளதேசத் தம்பி ஒருவனிடம் இதைச் சொன்னபோது, "எங்க நாட்டுப் பாட்டு அவர் எழுதினதுதான் டீச்சர்" என்று மலாயில் சொல்லி நிமிர்ந்து நின்றான். பிறகு கைப்பேசியைத் திறந்து தன் அம்மா படத்தைக் காட்டினான். அவன் அம்மாதான் என் நாற்பதாவது முகம்.

கரியோடு நான் நிற்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசை யாரை விட்டது? பினாங்கில் சுவா தியன் தெங் என்பவர், பாத்திக் தொழிற்சாலை நடத்தி நொடித்துப்போன பிறகு, அதே மெழுகையும் சாயத்தையும் வைத்து 1950களில் படம் வரைய ஆரம்பித்துப் புகழ் பெற்றார் என்று கேள்விப்பட்டு நானும் மெழுகை உருக்கினேன். மெழுகு துணியில் இறங்கவில்லை, சாயம் எல்லை தாண்டி ஓடியது. நல்ல வெள்ளை வேட்டி ஒன்றும் ஒரு அலுமினியச் சட்டியும் போனதுதான் மிச்சம். என் கணவர் இன்றைக்கும் அந்த வேட்டியைச் சொல்லிக்காட்டுவார்.

அதைவிடக் கேவலம் ரப்பர்ப் பால். எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறி வெகு காலமாகிவிட்டது. சிறு தோட்டக்காரர் ஒருவரிடம் கெஞ்சி ஒரு போத்தல் பால் வாங்கி, களிமண் அச்சில் ஊற்றி, திராவகம் விட்டு உறைய வைத்து முகம் ஒன்று செய்தேன். முதல் நாள் பால் வெள்ளையாக, கோயில் சிலை மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் கறுத்துப் பிசுபிசுத்து, ஸ்டோர் நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. "பாட்டி காலத்து வாசன டீச்சர்!" என்று பழைய ஆட்கள் மூக்கை உறிஞ்சிச் சிரித்தார்கள். அவர்களுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் தூக்கிப் போட மனமில்லாமல் கொல்லையில் புதைக்க வேண்டியதாயிற்று.

தேறியது மங்கு ஒன்றுதான். கீழ் லயத்தை இடித்தபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய பீங்கான் மங்குகள் உடைந்தும் உடையாமலும் கிளம்பின. லாரியில் அள்ளிக் கொட்டப் போனார்கள். சண்டிகாரில் நேக் சந்த் என்ற சாலை மேற்பார்வையாளரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். அந்த நகரத்தைக் கட்டுவதற்காக இடித்த கிராமங்களின் மிச்சங்களை, உடைந்த வளையலையும் பீங்கானையும், சைக்கிளில் சுமந்து போய், காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் வருஷக் கணக்கில் சிலைகளாகச் செய்து வைத்தவர். வேலை நேரம் போக மீதி நேரத்தில் செய்தது. அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடித்துத் தள்ளாமல், 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2015இல் அவர் இறந்தார்; தோட்டம் இருக்கிறது. இந்தக் கதையைக் கேட்டிருந்த ஆறாம் வகுப்புப் பையன்கள், நான் சொல்லாமலே சாக்கு எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினார்கள். அந்தச் சில்லுகளை ஒரு பலகையில் சிமெண்டு பூசிப் பதித்தோம். பழுப்பும் வெள்ளையும்தான் நிறம். ஒரு பெண் குனிந்து மரம் வெட்டுகிற உருவம். தள்ளி நின்றால் தெரியும். கிட்டே போனால் வெறும் மங்குச் சில்லு.

எல்லாவற்றையும் ஒருமுறை வெளியே வைத்தது ஒரு பொங்கல் விழாவில்தான். படங்களெல்லாம் அவரவர் வீட்டில் இருந்தன. கேட்டு வாங்கி வந்து, மண்டபத்தில் கொடிக்கயிறு கட்டி, துணிக் கவ்வியால் மாட்டினோம். கை நடுங்கியது எனக்கு. கோலத்தை அழிக்கிற கோழி இங்கே வராதே! பட்டணத்திலிருந்து வந்த விருந்தினர் ஒருவர், படம் தெரிந்தவர், வரிசையாகப் பார்த்துவிட்டு, "முகம் நன்றாக இருக்கிறது, அம்மா. ஆனால் ஒருவருக்கும் கழுத்து சரியில்லை, தலையை எடுத்துத் தோளில் வைத்த மாதிரி இருக்கிறது" என்றார். உண்மைதான். கழுத்து எனக்கு வருவதில்லை. அட்டைப் படங்களில் கழுத்து இருந்தால்தானே? பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அவரிடம் சொன்னார்: "தலையில வாளி சொமந்தா கழுத்து உள்ள போயிடும்யா." அது சமாதானமா கிண்டலா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அப்புறம் பிள்ளைகளையே உட்கார வைத்துக் கழுத்து மட்டும் ஒரு நோட்டு முழுக்க வரைந்து பழகினேன். கொஞ்சம் பரவாயில்லை.

போன வருஷம் லாரி ஓட்டும் தம்பி கூப்பிட்டார். இப்போது அவர்கள் இருப்பது பட்டணத்து ஓரத்தில் மலிவு விலை அடுக்குவீடு. போனேன். சுவரில் அம்மா படம். ஆனால் இடப் பக்க முகம் இல்லை. வெறும் சாம்பல் நிற மேகம். தீபாவளிக்கு வீடு துடைத்த மருமகள், கண்ணாடி உடைந்து போன சட்டத்தை ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். கரி ஈரத்துக்கு நிற்குமா? தவறு என்னுடையது. கரிப்படத்தின்மேல், முடிக்கு அடிக்கிற ஸ்பிரேயை எட்ட நின்று பனிபோல மெதுவாக அடித்தால் ஓரளவு ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. முதல் படத்துக்கு ஒன்றுமே அடிக்கவில்லை. அந்தப் பெண் கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். "ஒன் மேல தப்பில்ல கண்ணு" என்றேன்.

"மறுபடி வரைய முடியுமா டீச்சர்?" என்று அவர் கேட்டார். "பாத்து வரையறதுக்கு எங்ககிட்ட ஒன்னும் இல்ல. அந்த அட்டைதான் அன்னைக்கே போயிடுச்சே."

அன்று இரவு வரைந்த பென்சில் படத்தையும் நான் எப்போதோ கிழித்துப் போட்டுவிட்டேன். அந்தப் பயந்த முகத்தை வைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை.

கரியும் தாளும் எடுத்து வரச் சொல்லி என் பையைக் காட்டினேன். பேரன் எடுத்து வந்தான். அன்றைக்குப் பத்து வயதாக இருந்த அதே பிள்ளை. இப்போது அவனுக்கே கைக்குழந்தை இருக்கிறது. ஜன்னல் பக்கமாக மேசையை நகர்த்தினோம். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர் கலக்கப் போனாள். தாளின் நடுவில் எங்கே ஆரம்பிப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முதலில் அந்த ஈர்க்குச்சியைப் போட்டேன். அதிலிருந்து மூக்கு வந்தது.